பக்கத்து டேபிள்ல அப்பா: வால்டன் லில்லஹைங்கிற ஹார்ட் சர்ஜனோட கதை

"குழந்தைக்கு ஹார்ட்ல ஓட்டை இருக்கு"ன்னு டாக்டர் சொன்னா அந்த வீடு அப்படியே உறைஞ்சு போயிடும். எங்க குடும்பத்துலயும் அது நடந்துச்சு, எங்க அக்கா பொண்ணுக்கு அப்ப ரெண்டு வயசு. பால் குடிக்கும்போதே மூச்சு வாங்கும், உடம்பு தேறவே தேறாது, அடிக்கடி சளி புடிச்சுக்கும், கடைசியில எக்கோ எடுத்துப் பார்த்தா ஹார்ட்டோட ரெண்டு கீழ் அறைக்கு நடுவுல இருக்கற சுவர்ல ஓட்டை. ஆபரேஷன் பண்ணாங்க, பத்து நாள்ல வீட்டுக்கு வந்துட்டா, இப்ப காலேஜ் போறா, நெஞ்சுக்கு நடுவுல கோடு போட்ட மாதிரி ஒரு தழும்பு மட்டும் இருக்கு. ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல உக்காந்திருந்த அந்த நாலு மணி நேரத்துக்கு அப்புறம்தான் எனக்கு இந்த விஷயத்துல தீராத ஆர்வம் வந்துச்சு. படிக்கப் படிக்க ஒண்ணு தெரிஞ்சுது, இதே ஓட்டையோட ஒரு குழந்தை 1953ல பொறந்திருந்தா, அது ராஜா வீட்டுப் பிள்ளையாவே இருந்தாலும், உலகத்துல எந்த ஊருக்குத் தூக்கிட்டு ஓடினாலும், அந்த ஓட்டைய அடைக்க ஒரு டாக்டரும் கிடையாது. 1954 மார்ச் 26க்கு அப்புறம் அந்த நிலைமை மாறுது. மாத்தினவர் பேரு வால்டன் லில்லஹை, அமெரிக்காவுல மின்னசோட்டா யுனிவர்சிட்டி ஆஸ்பத்திரியில சர்ஜன், அன்னிக்கு அவருக்கு வயசு 35.

அவர் என்ன பண்ணினார்னு புரியணும்னா அதுக்கு முன்னாடி ஏன் யாராலயும் பண்ண முடியலைன்னு புரியணும். ஹார்ட்டுக்குள்ள தைக்கணும்னா அதைத் திறக்கணும், திறந்தா உள்ள ரத்தம் இருக்கக் கூடாது, ரத்தம் இல்லாம பண்ணணும்னா உடம்புலேர்ந்து ஹார்ட்டுக்கு வர்ற ரெண்டு பெரிய ரத்தக் குழாயையும் இறுக்கிக் கட்டணும், கட்டின நிமிஷமே மூளைக்குப் போற ரத்தம் நின்னு போயிடும். மூளை சுமார் நாலு நிமிஷம் தாங்கும், அதுக்கு மேல போனா ஆள் பொழைச்சாலும் பழைய ஆளா எந்திரிக்க மாட்டார். நாலு நிமிஷத்துல ஒரு குழந்தையோட கட்டைவிரல் அளவு இடத்துக்குள்ள ஓட்டைய கண்டுபிடிச்சு, தைச்சு, மூடி, காத்து போகாம அடைச்சு வெளிய வரணும். எந்தக் கையாலயும் ஆகாது. அதனால அதுவரைக்கும் பண்ணினதெல்லாம் ஹார்ட்டுக்கு வெளிய பண்ற வேலைதான். 1938ல பாஸ்டன்ல ராபர்ட் கிராஸ் ஹார்ட் பக்கத்துல மூடாம இருந்த ஒரு குழாயைக் கட்டினார், 1944ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல ஆல்ஃபிரட் பிளேலாக், ஹெலன் டாசிக் யோசனையில, விவியன் தாமஸ் உருவாக்கின டெக்னிக்ல, உடம்பு நீலம் பாரிச்ச குழந்தைக்கு ரத்தத்தை வேற வழியா நுரையீரலுக்குத் திருப்பி விட்டார். பெரிய விஷயங்கள்தான், ஆனா ஓட்டை ஓட்டையாவே உள்ள இருந்துச்சு.

இந்த நாலு நிமிஷத்தை எப்படி நீட்டறதுங்கறதுதான் 1950கள்ல இருந்த ஒரே கேள்வி, லில்லஹையோட மொத்த வாழ்க்கையையும் நிமிஷக் கணக்குலயே சொல்லிடலாம்னு எனக்குத் தோணும்.

முதல்ல வந்த வழி குளிர வைக்கறது. டொரன்டோவுல வில்ஃப்ரெட் பிகலோங்கிற சர்ஜன், உடம்பைக் குளிர வச்சா உறுப்புகளுக்கு ஆக்சிஜன் தேவை குறையும், அப்ப ரத்த ஓட்டத்தை நிறுத்தினாலும் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும்னு நாய்கள்ல காட்டினார். 1952 செப்டம்பர் 2ஆம் தேதி மின்னசோட்டாவுல ஜான் லூயிஸ் ஒரு 5 வயசுப் பொண்ணை 28 டிகிரி வரைக்கும் குளிர வச்சு மேல் அறைகளுக்கு நடுவுல இருந்த ஓட்டைய அஞ்சரை நிமிஷத்துல தைச்சுட்டார், அந்த ஆபரேஷன்ல கூட நின்னவர் லில்லஹை. உலகத்துலயே முதல் தடவையா கண்ணால பார்த்துகிட்டே ஹார்ட்டுக்குள்ள தைச்சு ஜெயிச்ச ஆபரேஷன் அது. ஆனா மேல் அறை ஓட்டை சுலபமானது, கீழ் அறை ஓட்டை ஆழத்துல, தசைக்கு நடுவுல ஒளிஞ்சு இருக்கும், அதுக்கு ஆறு நிமிஷம் பத்தாது, குளிர்ல அதுக்கு மேல இழுத்தா ஹார்ட் தாறுமாறா துடிச்சு நின்னு போயிடும்.

ரெண்டாவது வழி மெஷின். ஹார்ட் வேலையையும் நுரையீரல் வேலையையும் வெளியில இருந்து ஒரு மெஷின் பார்த்துக்கட்டும்ங்கற யோசனை. ஜான் கிப்பன்ங்கிற அமெரிக்க சர்ஜன் இதுக்காக 1930கள்லேர்ந்து வருஷக்கணக்கா உழைப்பைக் கொட்டினார், அவரோட மனைவி மேரியும் லேப்ல கூடவே நின்னாங்க, பின்னாடி ஐபிஎம் கம்பெனி இன்ஜினியர்களைக் கொடுத்து உதவுச்சு. 1953 மே 6, பிலடெல்ஃபியாவுல 18 வயசுப் பொண்ணு ஒருத்திய 26 நிமிஷம் முழுக்க முழுக்க அந்த மெஷின் உயிரோட வச்சிருந்துச்சு, ஓட்டைய தைச்சாச்சு, பொண்ணு பொழைச்சுட்டா. அடுத்து பண்ணின குழந்தைகள் செத்துட்டாங்க, கிப்பன் மனசு உடைஞ்சு ஹார்ட் ஆபரேஷனையே விட்டுட்டார். 1951லேர்ந்து 1954 ஆரம்பம் வரைக்கும் பல ஆஸ்பத்திரிகள்ல இந்த மாதிரி மெஷின் வச்சுப் பண்ணின 18 பேர்ல பொழைச்சது அந்த ஒரே ஒரு பொண்ணுதான். மிச்சம் 17 பேரும் போயிட்டாங்க.

இங்க ஒரு முக்கியமான விஷயம், இதைக் கவனிக்காம விட்டா லில்லஹை செஞ்சது ஏதோ முரட்டு தைரியம்னு தோணிடும். அதே மெஷின்கள் லேப்ல நாய்கள்ல நல்லா வேலை செஞ்சுது. மனுஷங்க கிட்ட வந்தா சாவு. அதனால பெரிய பெரிய ஆளுங்களே ஒரு முடிவுக்கு வந்துட்டாங்க: நாய்க்கு இருக்கறது ஆரோக்கியமான ஹார்ட், இந்தக் குழந்தைகளுக்கு இருக்கறது நோய் புடிச்ச ஹார்ட், நோய் புடிச்ச ஹார்ட்ட வெட்டித் தைச்சா அது திரும்ப ஓடாது, அவ்வளவுதான். மெஷின்ல தப்பா ஹார்ட்ல தப்பான்னு பிரிச்சுப் பார்க்க வழியே இல்லாம இருந்துச்சு. எல்லாரும் ஒவ்வொருத்தரா விலக ஆரம்பிச்சாங்க.

லில்லஹை 1918 அக்டோபர் 23ல மினியாபொலிஸ்ல பொறந்தவர், அங்கேயே படிச்சு 1942ல டாக்டராகி, உடனே ரெண்டாம் உலகப் போர்ல ராணுவ டாக்டரா வட ஆப்பிரிக்கா, இத்தாலின்னு போர்முனை ஆஸ்பத்திரிகள்ல வேலை பார்த்தார், வெண்கல நட்சத்திரப் பதக்கமும் வாங்கினார். திரும்பி வந்து சேர்ந்தது மின்னசோட்டாவுல சர்ஜரி துறைத் தலைவரா இருந்த ஓவன் வாங்கன்ஸ்டீன் கிட்ட. இந்த வாங்கன்ஸ்டீனைப் பத்தி தனியா எழுதலாம், தன்கிட்ட சர்ஜரி கத்துக்க வர்ற பசங்க எல்லாரும் லேப்ல உக்காந்து ஆராய்ச்சி பண்ணியே ஆகணும்னு வச்சவர், இளசுங்க புதுசா ஒண்ணு கேட்டா "வேண்டாம்"னு சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிக்கிற மனுஷர். அந்த ஊர்லதான் சினிமா தியேட்டர்காரங்க சங்கம் பணம் திரட்டி ஹார்ட் நோயாளிகளுக்குன்னே ஒரு ஆஸ்பத்திரி கட்டிக் கொடுத்தது, 1951ல திறந்தாங்க. எடமும் இருந்துச்சு, விட்டுக் கொடுக்கற குருவும் இருந்தார்.

அதுக்கு நடுவுல 1950ல லில்லஹைக்கே ஒரு இடி. காதுக்குக் கீழ சின்னதா ஒரு கட்டி, எடுத்துப் பார்த்தா கேன்சர், லிம்ஃபோசார்கோமா. அந்தக் காலத்துல அதுலேர்ந்து மீண்டவங்க ரொம்பக் குறைவு. வாங்கன்ஸ்டீனே கத்தி எடுத்து, தன் மாணவன் மேல பத்து மணி நேரத்துக்கும் அதிகமா ஆபரேஷன் பண்ணினார், கழுத்துல ஒரு பக்கத்துத் தசை, நெணநீர் முடிச்சு எல்லாத்தையும் வாரி எடுத்து, நெஞ்சுக்குள்ளயும் போய்ப் பார்த்தார், அதுக்கப்புறம் கதிர்வீச்சு. வாழ்நாள் முழுக்க லில்லஹை தலை ஒரு பக்கமா சாஞ்ச மாதிரியே இருக்கும், போட்டோவுல பார்த்தாலே தெரியும். 31 வயசுல சாவு பக்கத்துல படுத்து எந்திரிச்ச ஆளுக்கு மத்தவங்க "இது ரொம்ப ரிஸ்க்"னு சொன்னது வேற மாதிரி கேட்டிருக்கும்னுதான் நான் நினைக்கிறேன். அவர் அதுக்கப்புறம் வாழ்ந்ததும் அப்படித்தான், ராத்திரி பூரா பார்ட்டி, காலையில ஆபரேஷன், நடுவுல லேப், தூக்கம் எப்பன்னு யாருக்கும் தெரியாது.

இப்ப அந்த யோசனைக்கு வருவோம். 1952ல இங்கிலாந்துல ஆண்ட்ரியாசன், வாட்சன்னு ரெண்டு பேர் நாய்கள்ல ஒரு விஷயத்தைக் கண்டுபிடிச்சாங்க. ஹார்ட்டுக்கு வர்ற ரெண்டு பெரிய குழாயையும் கட்டிட்டு, அசைகோஸ்னு ஒரு சின்ன ரத்தக் குழாயை மட்டும் கட்டாம விட்டா, அது வழியா கசியற கொஞ்சூண்டு ரத்தமே அரை மணி நேரத்துக்கு மேல நாயை மூளை கெடாம காப்பாத்துது. அதாவது உடம்புக்கு வழக்கமா ஓடற ரத்தத்துல பத்துல ஒரு பங்கு அளவுக்கு இருந்தாலே கொஞ்ச நேரம் ஓட்டிடலாம். மெஷின் செஞ்சவங்க எல்லாரும் முழு அளவு ரத்தத்தையும் ஓட்டணும்னு பெருசு பெருசா கட்டிகிட்டு, அந்த வேகத்துலயே ரத்த அணுக்களை அடிச்சு நொறுக்கிகிட்டு இருந்தாங்க. லில்லஹையும் கூட இருந்த மோர்லி கோஹன், ஹெர்பர்ட் வார்டன், ரிச்சர்ட் வார்க்கோ மூணு பேரும் இதைப் பார்த்துட்டு, அவ்வளவு குறைச்சலா போதும்னா மெஷினே எதுக்கு, இன்னொரு மனுஷனோட ஹார்ட்டும் நுரையீரலுமே அந்த வேலையப் பார்த்துடுமேன்னு யோசிச்சாங்க. வயித்துல இருக்கற குழந்தைக்கு அம்மாவோட நுரையீரல்தானே பத்து மாசமும் மூச்சு விடுது, அதே கணக்கு.

லேப்ல ரெண்டு நாயை குழாயால சேர்த்து மாசக்கணக்குல பழகினாங்க. மனுஷனுக்குப் பண்ணும்போது ஏற்பாடு இப்படி: ரெண்டு டேபிள் பக்கத்துல பக்கத்துல, ஒண்ணுல குழந்தை, இன்னொண்ணுல அதே ரத்த குரூப் இருக்கற அப்பாவோ அம்மாவோ. பெரியவர் தொடையில இருக்கற தமனியிலேர்ந்து சிவப்பு ரத்தம் குழந்தைக்குப் போகும், குழந்தை உடம்பெல்லாம் சுத்திட்டு வர்ற கறுத்த ரத்தம் ஹார்ட்டுக்குள்ள போகறதுக்கு முன்னாடியே வெளிய எடுக்கப்பட்டு பெரியவரோட சிரைக்குத் திரும்பும், அவர் நுரையீரல்ல சுத்தமாகி மறுபடி குழந்தைக்கு. நடுவுல இருந்தது ஒரே ஒரு பம்பு, அதுவும் பால், உணவுத் தொழிற்சாலைகள்ல ஓட்டற வகை, ரப்பர் குழாயை விரல் மாதிரி வரிசையா அமுக்கி அமுக்கி ரத்தத்தைத் தள்ளும். போற ரத்தமும் வர்ற ரத்தமும் ஒரே அளவுல இருந்தாகணும், கூடினா குறைஞ்சா ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு ஆபத்து, ஒரே பம்புல ரெண்டையும் ஓட்டினதுக்குக் காரணமே அதுதான். இதுல இன்னொரு பெரிய நன்மை இருந்துச்சு, ஆக்சிஜன் மட்டும் இல்லாம ரத்தத்துல உப்பு, அமிலம், சர்க்கரை எது ஏறினாலும் இறங்கினாலும் பெரியவர் உடம்பே அதை சரி பண்ணிடும், எந்த மெஷினுக்கும் அந்த அறிவு அன்னிக்குக் கிடையாது.

எதிர்ப்பு வராம இருக்குமா? நல்லா இருக்கற ஒரு மனுஷனைப் படுக்க வச்சு அவன் உயிரையும் பணயம் வைக்கிறாங்கன்னு அதே யுனிவர்சிட்டிக்குள்ளேயே கடுமையான எதிர்ப்பு. ஒரே ஆபரேஷன்ல 200 சதவீதம் சாவு நடக்கக் கூடிய ஒரே ஆபரேஷன் இதுதான்னு பேசிகிட்டாங்க. அவங்க சொன்னதுல நியாயம் இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன், வெறும் பயத்துல பேசினவங்களும் இல்லை அவங்க. கடைசியில வாங்கன்ஸ்டீன் "சரி, பண்ணு"ன்னு விட்டுட்டார்.

முதல் குழந்தை பேரு கிரெகரி, 13 மாசம், மின்னசோட்டாவோட வடக்கு மூலையில இரும்புச் சுரங்கம் இருக்கற ஹிப்பிங் ஊரு, அப்பா சுரங்கத் தொழிலாளி. இதே மாதிரி ஹார்ட் கோளாறுக்கு ஏற்கெனவே ஒரு பொண்ணைப் பறிகொடுத்த குடும்பம். அப்பாவுக்கும் பையனுக்கும் ஒரே ரத்த குரூப். 1954 மார்ச் 26 காலையில அப்பாவைப் பக்கத்து டேபிள்ல படுக்க வச்சு, 19 நிமிஷம் அவரோட ஹார்ட் ரெண்டு பேருக்காக அடிச்சுது, அந்த நேரத்துல லில்லஹை பையனோட கீழ் அறையைத் திறந்து ஓட்டைய தைச்சு மூடிட்டார். பையன் ஹார்ட் திரும்ப ஓடுச்சு. ஹார்ட் சரியாத்தான் இருந்துச்சு, ஆனா பதினோராவது நாள் நிமோனியாவுல குழந்தை போயிடுச்சு. போஸ்ட்மார்ட்டம்ல பார்த்தா தைச்ச இடம் பத்திரமா மூடியே இருந்துச்சு. அந்த அப்பாவை நினைச்சா எனக்கு எழுதற கை நிக்குது, தன் ரத்தத்தை 19 நிமிஷம் மகனுக்கு ஓட விட்டும் 11 நாள்தான் கிடைச்சுது.

அடுத்த மாசமே லில்லஹை அடுத்த குழந்தைக்குப் போயிட்டார். ஏப்ரல் முடியறதுக்குள்ள பொழைச்ச குழந்தைகளைக் காட்டி அறிவிச்சாங்க, உலகம் திரும்பிப் பார்த்துச்சு. அந்த வருஷம் ஆகஸ்ட்ல இன்னும் கஷ்டமான விஷயத்தைத் தொட்டார், டெட்ராலஜி ஆஃப் ஃபாலோன்னு நாலு கோளாறு ஒண்ணா சேர்ந்து வந்து குழந்தை நீலமாயிடற நோய், அதை உள்ளுக்குள்ளேயே முழுசா சரி பண்ணினது உலகத்துல அதுதான் முதல் தடவை. அந்தப் பையனுக்கு வீட்டுல யாரோட ரத்தமும் சேரலை, முன்ன பின்ன தெரியாத ஒரு மனுஷர் வந்து பக்கத்து டேபிள்ல படுத்தார், தெருவுல பார்த்தா அடையாளம் தெரியாத ஒரு பையனுக்காக.

1955 நடு வரைக்கும் இந்த முறையில 45 பேருக்கு ஆபரேஷன், அதுல 28 பேர் பொழைச்சு வீட்டுக்குப் போனாங்க. 17 பேர் செத்துட்டாங்க, இந்த எண்ணை சின்னதா எழுதி நகர்ந்துட முடியாது, 17 வீடு. ஆனா இதுக்கு முன்னாடி மெஷின்ல 18ல 17 பேர் போயிருந்தாங்கங்கறதையும், இந்த 45 பேருக்கும் வேற வழியே இல்லைங்கறதையும் சேர்த்துத்தான் பார்க்கணும். நான் மேல சொன்ன கேள்விக்கு பதில் கிடைச்சது இங்கதான். நோய் புடிச்ச ஹார்ட்டும் தாங்கும், வெட்டலாம், தைக்கலாம், திரும்ப ஓட்டலாம், தப்பு இத்தனை நாளும் மெஷின்லயும், ஆபரேஷனுக்கு முன்னாடி நோயை சரியா கணிக்காததுலயும்தான் இருந்திருக்கு. இந்த ஒரு பதில் வரலைன்னா மெஷினை சரி பண்றதுக்கே யாரும் மெனக்கெட்டிருக்க மாட்டாங்க.

படுத்த பெரியவங்க யாரும் சாகலை. ஆனா ஒரு அம்மாவுக்கு 1954 அக்டோபர்ல, ஆபரேஷன் நேரத்துல காத்து ரத்தத்துல ஏறி மூளையைப் பாதிச்சுடுச்சு, அவங்க அதுலேர்ந்து மீளவே இல்லை. எதிர்த்தவங்க எதைச் சொல்லி பயந்தாங்களோ அது ஒரு வீட்டுல நடந்தே போச்சு. லில்லஹையைக் கொண்டாடி எழுதறவங்க பல பேர் இந்த அம்மாவை ஒரு வரியில தாண்டிடறாங்க, எனக்கு அது சரியாப் படலை. எனக்குத் தெரிஞ்சு ஹார்ட் ஆபரேஷனோட வரலாறுல சர்ஜன் பேருக்குப் பக்கத்துல அந்த டேபிள்ல படுத்த 45 பேருக்கும் எடம் இருக்கணும்.

இந்த முறை ரொம்ப நாள் ஓடாதுன்னு லில்லஹைக்கே தெரியும். அப்ப ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு முயற்சி பண்ணிகிட்டு இருந்தாங்க, டொரன்டோவுல ஒருத்தர் குரங்கோட நுரையீரலை வச்சு ரத்தத்தை சுத்தம் பண்ணிப் பார்த்தார், மின்னசோட்டாவுலயே நாய் நுரையீரல் வச்சும் பண்ணினாங்க. அந்த நேரத்துல லேப்புக்கு வந்தவர் ரிச்சர்ட் டிவால், வெளியூர்ல சாதாரண பொது மருத்துவரா இருந்துட்டு ஆராய்ச்சி ஆசையில வந்தவர். ரத்தத்துக்குள்ள நேரா ஆக்சிஜன் குமிழ் விட்டா என்னன்னு அவர்கிட்ட லில்லஹை வேலையைக் கொடுத்தார், பழைய ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படிச்சு மனசைக் குழப்பிக்காதேன்னும் சொன்னாராம். ஏன்னா பழைய கட்டுரை எல்லாம் குமிழ் விட்டா வேலைக்கு ஆகாதுன்னுதான் எழுதியிருக்கும், குமிழ் மூளைக்குப் போனா ஆள் காலி.

டிவால் பண்ணினது அவ்வளவு எளிமை. ஒரு உசரமான குழாய், கீழேர்ந்து ரத்தமும் ஆக்சிஜனும் சேர்ந்து குமிழ் குமிழா மேல ஏறும், அதுலேயே ரத்தம் சிவந்துடும். மேல காபி ஆத்தினா வர்ற மாதிரி நுரை பொங்கும், அங்க நுரையை உடைக்கிற சிலிக்கோன் பூச்சு. அதுக்கப்புறம் ரத்தம் சுருள் சுருளா சுத்தின பிளாஸ்டிக் குழாய்ல மெல்ல இறங்கும், குமிழ் இருக்கற ரத்தம் லேசு, மேலேயே மிதக்கும், குமிழ் இல்லாத ரத்தம் கனம், கீழ வந்து சேரும், கீழேர்ந்து எடுத்து குழந்தைக்கு. அந்த பிளாஸ்டிக் குழாய் உணவுத் தொழிற்சாலைக்குன்னு செஞ்சது. எல்லா சாமானும் சேர்த்து சுமார் 15 டாலர் செலவு. 1955 மே 13 முதல் தடவையா ஒரு குழந்தைக்குப் போட்டாங்க, அதுக்கப்புறம் சீக்கிரமே பக்கத்து டேபிளுக்கு அவசியம் இல்லாமப் போச்சு.

அங்கேர்ந்து சுமார் 90 மைல் தூரத்துல ராச்செஸ்டர்ல மேயோ கிளினிக், அங்க ஜான் கிர்க்லின் கிப்பனோட மெஷினை எடுத்துத் திருத்தி அதே 1955 மார்ச்ல ஆரம்பிச்சார், முதல் 8 பேர்ல 4 பேர் பொழைச்சாங்க. கிர்க்லின் ஒழுங்கு, கணக்கு, நிதானம்னு இருக்கறவர், லில்லஹை அதுக்கு நேர் எதிர். ஒரு வருஷத்துக்கு மேல உலகத்துல ஹார்ட்டைத் திறந்து தினசரி வேலையா ஆபரேஷன் பண்ணினது இந்த ரெண்டு ஊர்லதான், அதனால உலகம் பூரா இருந்த சர்ஜன்கள் மின்னசோட்டாவுக்கு வந்து ரெண்டு ஊரையும் பார்த்துட்டுப் போனாங்க. மேயோ மெஷின் அருமையான மெஷின், ஆனா விலையும் அதைப் பராமரிக்கிறதும் எல்லா ஊருக்கும் கட்டாது. லில்லஹை, டிவால் மெஷினை எந்த ஆஸ்பத்திரியிலயும் செஞ்சுக்கலாம். ஹார்ட் ஆபரேஷன் பத்து வருஷத்துல உலகம் முழுக்கப் பரவினதுக்கு இதைத்தான் நான் பெரிய காரணமா சொல்லுவேன். நம்ம வேலூர் சி.எம்.சி.யிலயே 1960களோட ஆரம்பத்துல ஹார்ட்டைத் திறந்து ஆபரேஷன் பண்ண ஆரம்பிச்சுட்டாங்க.

நிமிஷம் கிடைச்சாச்சு, இப்ப வேற பிரச்சனை. கீழ் அறைச் சுவர்லதான் ஹார்ட்டோட கரண்ட் வயர் மாதிரி ஒரு விசேஷத் தசைக் கட்டு ஓடுது, மேல் அறையோட துடிப்பைக் கீழ் அறைக்குக் கொண்டு போறது அதுதான். ஓட்டையத் தைக்கும்போது ஒரு தையல் அதுல விழுந்துட்டா கீழ் அறைக்கு செய்தி போகாது, ஹார்ட் நிமிஷத்துக்கு 30, 40 தடவைதான் அடிக்கும், குழந்தை தாங்காது. ஆபரேஷன் அழகா முடிஞ்சு, ஓட்டையும் மூடி, அப்புறம் இப்படிச் சாகற குழந்தைகள். பாஸ்டன்ல பால் ஜோல் 1952லேயே வெளியிலேர்ந்து நெஞ்சு மேல ஷாக் கொடுத்து ஹார்ட்டைத் தூண்டற கருவி வச்சிருந்தார், ஆனா அது தோல் வழியா போகணும்னா நூறு வோல்ட் பக்கத்துல வேணும், ஒவ்வொரு துடிப்புக்கும் குழந்தை துள்ளும், தோல் வெந்துடும். 1957 ஜனவரி 30ல லில்லஹை, தோலை விடு, வயரையே ஹார்ட் தசையில வச்சுத் தைச்சுடலாம்னு ஒரு மெல்லிசான கம்பியைத் தைச்சு வெளிய இழுத்து ஒரு மெஷின்ல சேர்த்தார், ஓரிரண்டு வோல்ட் போதும், குழந்தைக்கு வலியே தெரியாது. சில நாள்ல ஹார்ட் தானா சரியாயிடும், கம்பிய உருவிடலாம். என் அக்கா பொண்ணு ஆபரேஷன் முடிஞ்சு வெளிய வந்தப்ப வயித்துக்கு மேல ரெண்டு மெல்லிசு கம்பி நீட்டிகிட்டு இருந்துச்சு, என்னமோ ஏதோன்னு பயந்தேன், அது இந்தக் கம்பிதான், இன்னிக்கும் அதே முறை.

ஆனா அந்த மெஷின் சுவர்ல இருக்கற பிளக்ல ஓடுது, குழந்தை வராண்டாவுக்கு வரணும்னாலும் நீளமா வயரை இழுத்துகிட்டே வரணும். 1957 அக்டோபர் 31 மினியாபொலிஸ்ல மணிக்கணக்குல கரண்ட் போயிடுச்சு. பிளக் இல்லாம ஓடற ஒண்ணு வேணும்னு அடுத்து லில்லஹை கூப்பிட்டது ஆஸ்பத்திரி கருவிகளை ரிப்பேர் பண்ண வர்ற ஏர்ல் பாக்கனை. பாக்கன் 1949ல மச்சானோட சேர்ந்து ஒரு கார் ஷெட்டுல கம்பெனி ஆரம்பிச்சவர், முதல் மாச வருமானம் 8 டாலர், கம்பெனி பேரு மெட்ரானிக். ஒரு எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகையில, சங்கீதம் கத்துக்கறவங்களுக்குத் தாளம் தட்டிக் காட்டற மெட்ரோனோமுக்கு டிரான்சிஸ்டர் சர்க்யூட் போட்டிருந்தாங்க. டக் டக்குனு ஒரே சீரா தட்டறதுதானே ஹார்ட்டுக்கும் வேணும்? அதையே மாத்தி ஒரு கைக்கு அடங்கற அலுமினியப் பெட்டியில பேட்டரியோட வச்சு நாலு வாரத்துல கொண்டு வந்து கொடுத்தார். நாய் லேப்ல முயற்சி பண்ணத்தான் கொடுத்தார். மறுநாள் வேற வேலையா ஆஸ்பத்திரிக்கு வந்தவர் ஒரு குழந்தை நெஞ்சுல அந்தப் பெட்டி தொங்கறதைப் பார்த்து அதிர்ந்துட்டார். லேப்ல வேலை செஞ்சுது, அதுக்கு மேல காத்திருந்து ஒரு குழந்தையை இழக்க எனக்கு மனசு வரலைன்னு லில்லஹை சொல்லிட்டார். இன்னிக்கு எந்த நாட்டுலயும் இப்படிப் பண்ண முடியாது, பண்ணவும் கூடாது, அதுக்கான விதிகள் காரணத்தோடதான் வந்துச்சு. ஆனா தோள்ல மாட்டிகிட்டு ஒரு குழந்தை நடந்து போற பேஸ்மேக்கர் உலகத்துக்கு வந்தது அப்படித்தான்.

அவர்கிட்ட கத்துகிட்டவங்க பட்டியல் எடுத்தா அடுத்த கால் நூற்றாண்டு ஹார்ட் சர்ஜரியே அதுல இருக்கும். ஸ்டான்ஃபோர்டுல ஹார்ட் மாற்று ஆபரேஷனை வருஷக்கணக்கா பொறுமையா உருவாக்கின நார்மன் ஷம்வே மின்னசோட்டாவுல பயிற்சி எடுத்தவர். 1967 டிசம்பர் 3ல கேப் டவுன்ல உலகத்துலயே முதல் தடவையா ஒரு மனுஷ ஹார்ட்டை இன்னொரு மனுஷனுக்கு வச்ச கிறிஸ்டியான் பர்னார்டும் 1950கள்ல அங்க வந்து கத்துகிட்டவர்தான், கேப் டவுனுக்குத் திரும்பிப் போகும்போது ஹார்ட்-லங் மெஷினும் கூட போச்சு. லில்லஹையோட தம்பி ரிச்சர்டும் சர்ஜன், 1966ல உலகத்தோட முதல் கணைய மாற்று ஆபரேஷன் பண்ணின ரெண்டு பேர்ல ஒருத்தர்.

அப்புறம் சரிவு. 1967ல வாங்கன்ஸ்டீன் ஓய்வு பெறும்போது அந்த நாற்காலி தனக்குத்தான்னு லில்லஹை எதிர்பார்த்தார், யுனிவர்சிட்டி வெளியிலேர்ந்து ஜான் நஜேரியனைக் கொண்டு வந்துச்சு. மனசு வெறுத்து நியூயார்க்ல கார்னெல் ஆஸ்பத்திரிக்கு சர்ஜரி தலைவரா போனார், ஹார்ட் மாற்று ஆபரேஷன்களும் பண்ணினார், 1969ல ஹார்ட்டும் நுரையீரலும் சேர்த்தே மாத்திப் பார்த்தார். ஆனா நிர்வாகம் அவருக்கு வரலை, மூணு வருஷத்துக்குள்ள தலைவர் பதவி போச்சு. 1973ல வருமான வரி வழக்குல குற்றவாளின்னு தீர்ப்பு, 50,000 டாலர் அபராதம், ஆறு மாசம் சமூக சேவை. வரி விஷயத்துல அவர் பண்ணினது தப்பு, அதுக்கு நான் சமாதானம் தேட மாட்டேன், விதிகளைப் பத்தி அவருக்கு இருந்த அலட்சியம் ஆபரேஷன் தியேட்டர்ல குழந்தைகளைக் காப்பாத்துச்சு, கணக்கு நோட்டுல அவரையே கவுத்துடுச்சு. கேன்சருக்காக 1950ல வாங்கின கதிர்வீச்சு கண்ணுல கேட்டராக்டா வந்து நின்னுச்சு, 55 வயசு வாக்குல கத்தியைக் கீழ வச்சுட்டார்.

சில வருஷம் பெரும்பாலும் யாரும் கூப்பிடாத மனுஷரா இருந்தார். 1979ல செயின்ட் ஜூட் மெடிக்கல்ங்கிற, ஹார்ட்டுக்கு செயற்கை வால்வு செய்யற கம்பெனி அவரை மருத்துவ இயக்குநரா எடுத்துகிட்டுது, அதுக்கு முன்னாடியே 1960கள்ல அவர் பேர்லயே செயற்கை வால்வுகள் வந்திருந்துச்சு, ரெண்டு மடல் இருக்கற வால்வுங்கற யோசனையில அவருக்குப் பங்கு உண்டு. பழைய யுனிவர்சிட்டியும் மெல்ல மெல்ல அவரைத் திரும்பச் சேர்த்துகிட்டுது. 1999 ஜூலை 5ல 80 வயசுல இறந்தார், 31 வயசுல கெடு வச்ச நோய்க்கு அப்புறம் 49 வருஷம்.

கை நின்ன பிறகு அவர் செஞ்ச ஒரு வேலை எனக்கு ரொம்பப் புடிக்கும். 1954லேர்ந்து டெட்ராலஜிக்கு ஆபரேஷன் பண்ணி வீட்டுக்கு அனுப்பின குழந்தைகள் இப்ப என்ன ஆனாங்கன்னு கோஹன், வார்டன், வார்க்கோ அதே பழைய கூட்டத்தோட சேர்ந்து ஒவ்வொருத்தரா தேடினார். 106 பேர், 26லேர்ந்து 31 வருஷம் கழிச்சு, 1986ல கட்டுரையா வந்துச்சு. பெரும்பாலானவங்க உயிரோட இருந்தாங்க, படிச்சிருந்தாங்க, வேலைக்குப் போயிட்டு இருந்தாங்க, பல பேர் கல்யாணம் பண்ணி அவங்களும் குழந்தை பெத்திருந்தாங்க.